ரீட்ரை எத்தனை, டைம்அவுட் எவ்வளவு? மலையில் ஓடப்போகிற புரோட்டோகால் எழுதுகிறவர்களுக்கு

நெட்வொர்க் புரோட்டோகால் (கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற விதிமுறை) ஒன்றைச் சொந்தமாக எழுதுகிற பலரும் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கிற நேரம்) 5 விநாடி, ரீட்ரை (பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவது) 3 தடவை என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஏன் 5, ஏன் 3 என்று கேட்டால் பழைய புராஜெக்டில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். ஆபீஸ் வைஃபையில் டெஸ்ட் செய்கிற வரை எந்த எண்ணைப் போட்டாலும் ஓடும், அதுதான் சிக்கலே. அதே பெட்டியை ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ஒரு கோடு இரண்டு கோடு சிக்னலில் மாட்டி, மேகம் இறங்கி, கரண்ட்டும் ரெண்டு தடவை போய் வந்தால் அந்த 5-ம் 3-ம் என்ன லட்சணம் என்று தெரிந்துவிடும்.

நான் சொல்லப்போவது மழைமானி, மண் ஈரப்பதம் பார்க்கிற சென்சார், மோட்டார் ஸ்டார்ட்டர் போன்றவற்றைத் தோட்டத்து கேட்வே (சென்சார்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கிற பெட்டி) வழியாக 4ஜி-யில் சர்வருக்கு அனுப்புகிற, போய்ச் சேர்ந்ததா என்று தானாகப் பார்க்காத யுடிபி மேல் எழுதிய சின்ன புரோட்டோகாலை மனத்தில் வைத்து. ஆனால் பில்லிங் மெஷினுக்கும் இதேதான், சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் எடை மெஷினை கிளவுடோடு இணைத்தாலும் இதேதான்.

முதலில் கெடுவை முடிவு செய்யுங்கள். ரீட்ரை எண்ணிக்கையையும் டைம்அவுட்டையும் நேராக யோசிக்க ஆரம்பித்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். இந்தச் செய்தி எவ்வளவு நேரத்துக்குள் போனால் பிரயோஜனம், அதற்குப் பிறகு போனால் என்ன ஆகும், யாராவது கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மீதி கணக்கு தானாக வரும். மழை அளவு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் அது அரை மணி தாமதமாக வந்தாலும், ஏன், மறுநாள் காலையில் வந்தாலும்கூட யாருக்கும் நஷ்டமில்லை, வராமலே போனால்தான் நஷ்டம். மோட்டாரை ஆன் செய் என்கிற கட்டளை நேர் எதிர். பட்டனை அழுத்தியவர் பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் பொறுமையாக நிற்க மாட்டார், மறுபடி அழுத்துவார், இல்லை யாரையாவது நேரில் போய்ப் போடச் சொல்லிவிடுவார். அந்தக் கட்டளை எங்கோ ஒரு வரிசையில் கிடந்து முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்து மோட்டாரை ஓட்டிவிட்டால், அப்போது தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அல்லது யாராவது மோட்டாரில் கை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே கட்டளை பாக்கெட்டுக்குள்ளேயே காலாவதி நேரம் இருக்க வேண்டும். அது தாண்டியிருந்தால் கேட்வே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலாவதி என்று பதில் சொல்ல வேண்டும். அனுப்புகிறவர் பக்கம் மட்டும் டைம்அவுட் வைத்துவிட்டு வாங்குகிறவர் பக்கம் இதைச் சேர்க்காத புரோட்டோகால் பாதிதான் எழுதியது என்று அர்த்தம்.

ஒரே புரோட்டோகாலில் இப்படி இரண்டு மூன்று விதமான செய்தி இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே டைம்அவுட் கான்ஸ்டன்ட் வைப்பது சோம்பேறித்தனம். செய்தியின் வகைக்கு ஒரு கெடு, லிங்க்குக்கு ஒரு டைம்அவுட், இப்படித் தனித்தனியாக வையுங்கள்.

அடுத்தது அளப்பது

போய் வரும் நேரத்தை அளக்காமல் டைம்அவுட் வைக்க முடியாது. சராசரியைப் பார்த்து வைத்தாலும் தப்பு. சராசரி 90 மில்லிவிநாடி என்று வந்தால் உடனே 200 போட்டுவிடத் தோன்றும், ஆனால் நூற்றில் ஒன்று 900-ல் வந்துகொண்டிருக்கும், அந்த ஒன்றுக்குத்தான் நீங்கள் டைம்அவுட் வைக்கிறீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எதற்குள் வருகிறது, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது எதற்குள் வருகிறது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள்.

எங்கே, எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மலைக்குக் கீழே சேலம் கோரிமேட்டில் மேஜை மேல் மோடத்தை வைத்து அளந்தது தோட்டத்துக்கு உதவாது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஒண்டிக்கடை வரை ஒரு லாகரை ஓடவிட்டுக்கொண்டே போங்கள், திரும்பும்போது குப்பனூர் வழியாக இறங்குங்கள். ஒரு வளைவில் முழு சிக்னல், அடுத்த வளைவில் சுத்தமாக இல்லை என்பதை கிராஃபில் பார்க்கலாம். நிலையாக ஓரிடத்தில் மாட்டப்போகிற பெட்டி என்றால் அந்த இடத்திலேயே சில நாள் விட்டு வையுங்கள், அதில் ஒரு சனி ஞாயிறாவது வரட்டும். மே மாதம் கோடை விழா மலர்க் கண்காட்சி நடக்கும்போது ஊரே மேலே இருக்கும், எல்லார் போனும் அதே டவரில் தொங்கும். திங்கட்கிழமை காலை அளந்த எண் அன்றைக்குச் செல்லாது.

மொபைல் நெட்வொர்க்கில் அளக்கும்போது இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, மோடம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் ரேடியோ ஓய்வு நிலைக்குப் போய்விடும், அதன் பிறகு அனுப்புகிற முதல் பாக்கெட் அதை எழுப்பி இணைப்பு வாங்கிப் போக வேண்டும், அதனால் முதல் பாக்கெட் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக மெதுவாக இருக்கும், 2ஜி-க்கு விழுந்துவிட்டால் இன்னும் மோசம். ஒரு மணிக்கு ஒரு தடவை பேசுகிற சென்சாருக்கு எல்லாப் பாக்கெட்டும் முதல் பாக்கெட்தான், அதை மறக்காதீர்கள். இன்னொன்று, 4ஜி-யில் காற்றில் தொலைகிற துண்டுகளை ரேடியோ அடுக்கே திரும்ப அனுப்பிவிடுகிறது. அதனால் உங்களுக்குத் தொலைந்ததாகத் தெரிவதைவிடத் தாமதமாகத் தெரிவதுதான் அதிகம். அந்த நிலையில் அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால், ஏற்கெனவே மோடத்துக்குள் வரிசையில் நிற்கிற பாக்கெட்டுக்குப் பின்னால் அதன் நகலைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். வரிசை நீளும், தாமதம் கூடும், மறுபடி டைம்அவுட் ஆகும், மறுபடி நகல்.

இது நம் கற்பனை இல்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரம், விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வேன் ஜேக்கப்சன் அதைத் தோண்டி எடுத்து 1988-ல் எழுதியதிலிருந்துதான் டிசிபி, அதாவது தொலைந்ததைத் தானே மறுபடி அனுப்புகிற இணைய புரோட்டோகால், இன்றைக்கும் டைம்அவுட் கணக்கிடுகிற முறை வருகிறது. நெரிசலில் இருக்கிற நெட்வொர்க்கில் டைம்அவுட்டைத் தப்பாக வைத்துத் தேவையில்லாமல் மறுபடி அனுப்புவது அந்த நெரிசலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், பத்து வரி புரோகிராம்தான். இரண்டு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்: போய்வரும் நேரத்தின் ஓடும் சராசரி, ஏற்ற இறக்கம். புது அளவு வரும்போது ஏற்ற இறக்கத்தில் பழையது முக்கால் பங்கு, புது அளவுக்கும் பழைய சராசரிக்கும் உள்ள வித்தியாசம் கால் பங்கு. அப்புறம் சராசரியில் பழையது எட்டில் ஏழு, புதியது எட்டில் ஒன்று. டைம்அவுட் = சராசரி + 4 × ஏற்ற இறக்கம். ஏற்ற இறக்கத்தை முதலில் மாற்ற வேண்டும், சராசரியை அதன் பிறகு. இந்த வரிசையை மாற்றிப் போட்ட புரோகிராமை அடிக்கடி பார்க்கலாம். எண் போட்டுப் பார்ப்போம். சராசரி 100, ஏற்ற இறக்கம் 20 என்றால் டைம்அவுட் 180 மில்லிவிநாடி. திடீரென்று ஒரு பாக்கெட் 500-ல் வருகிறது. ஏற்ற இறக்கம் 15 + 100 = 115. சராசரி 87.5 + 62.5 = 150. டைம்அவுட் 150 + 460 = 610. ஒரே ஒரு மெதுவான பாக்கெட் டைம்அவுட்டை மூன்று மடங்குக்கு மேல் தூக்கிவிட்டது, சராசரியோ பாதிதான் கூடியது. சராசரியை இரண்டால் பெருக்கி வைக்கிற முறையில் இந்தச் சூதானம் வராது.

வெறுமனே சூத்திரம் கொடுக்கிற எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், கீழே ஒரு தரை, மேலே ஒரு கூரை வேண்டும். டிசிபி டைம்அவுட்டுக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6298 தரை 1 விநாடி இருக்கட்டும் என்கிறது, முதல் அளவு கிடைக்கும் வரையும் 1 விநாடி. லினக்ஸ் துணிந்து 200 மில்லிவிநாடி வரை இறங்குகிறது. மலைக்கு நான் 1 விநாடிக்குக் கீழே போக மாட்டேன்.

இதில் இன்னொரு பொறி. மறுபடி அனுப்பிய பாக்கெட்டுக்கு ஒப்புகை (வந்து சேர்ந்தது என்கிற பதில்) வந்தால், அது முதலில் அனுப்பியதற்கா, இரண்டாவதற்கா? தெரியாது. அதை அளவாக எடுத்துக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும், அதனால் டிசிபி-யில் அப்படிப்பட்ட அளவுகளை ஒதுக்கிவிடுவார்கள், கார்ன் முறை என்று பெயர். நீங்கள் புதிதாக எழுதுகிறீர்கள், உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். பாக்கெட்டில் ஒரு பைட்டில் இது எத்தனையாவது முயற்சி என்று எழுதி அனுப்புங்கள், ஒப்புகையில் அதை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பைட் செலவில் குழப்பம் தீர்ந்தது. பின்னால் லாக் பார்க்கும்போதும் அந்த பைட் ரொம்ப உதவும்.

எத்தனை தடவை?

எண்ணிக்கையை நீங்கள் தேர்ந்தெடுக்கவே வேண்டாம், கெடுவை வகுத்தால் அது வந்துவிடும். மோட்டார் கட்டளைக்குக் கெடு 12 விநாடி, முதல் டைம்அவுட் 1.5 விநாடி, ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு என்று வைத்துக்கொள்வோம். 0-வது விநாடியில் ஒன்று, 1.5-ல் ஒன்று, 4.5-ல் ஒன்று, 10.5-ல் ஒன்று. கடைசிக்குப் பிறகு 1.5 விநாடி மிச்சம், 99 சதவீத பதில்கள் 900 மில்லிவிநாடிக்குள் வருகிற லிங்க்கில் அது போதும். ஆக மொத்தம் நாலு, அதாவது மூன்று ரீட்ரை. ஆனால் மோடம் ஓய்வில் இருந்து எழுந்திருக்கவே இரண்டரை விநாடி ஆகிறது என்று உங்கள் அளவு சொன்னால் முதல் டைம்அவுட்டை 3 ஆக்க வேண்டும். அப்போது 0, 3, 9 என்று மூன்றே தடவைதான் அடங்கும். பரவாயில்லை. நாலு தடவை அனுப்பியே தீருவேன் என்று முதல் டைம்அவுட்டைக் குறைத்தால், முதல் பாக்கெட் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கு பிரியர்கள் வேறு மாதிரி வருவார்கள். பாக்கெட் இழப்பு 20 சதவீதம் என்றால் ஐந்து தடவையும் தொலைவதற்கு வாய்ப்பு 0.032 சதவீதம், பத்தாயிரத்துக்கு மூன்று, ஆகவே ஐந்து போதும் என்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தொலைந்தால் அது சரி. மலையில் அப்படித் தொலைவதில்லை. ஈரம், ஓரத்து சிக்னல் இவற்றால் அங்கொன்று இங்கொன்று தொலைவது ஒரு வகை, இதற்கு இரண்டு மூன்று ரீட்ரையே தாராளம். காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்து, டவரின் பேட்டரியும் தீர்ந்துபோனால் மூன்று மணி நேரம் எதுவுமே போகாது, அப்போது ஐந்து தடவை அடித்தாலும் ஐம்பது தடவை அடித்தாலும் ஒன்றுதான், கேட்வே பேட்டரிதான் காலி. இந்த இரண்டையும் ஒரே ரீட்ரை லூப்பில் சமாளிக்கப் பார்ப்பதால்தான் லிமிட்டை 3-ல் இருந்து 10-க்கு, 10-ல் இருந்து 30-க்கு என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

இரண்டாகப் பிரியுங்கள். உள் லூப் சின்னது: 2, 4, 8 விநாடி காத்திருந்து கைவிட்டுவிடும். கைவிட்டால் செய்தி ஃபிளாஷ் நினைவில் போய் உட்காரும். வெளி லூப், அடுத்த முறை லிங்க் உயிரோடு இருப்பது தெரியும்போது, அதாவது வேறு எதற்காவது ஒப்புகை வந்தவுடன், தேங்கியதைப் பழையதிலிருந்து அனுப்பும். மழைமானிக்கு ஒரு பதிவு 16 பைட், மணிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 384 பைட், முப்பது நாளைக்கு 11,520 பைட். பன்னிரண்டு கிலோபைட்டில் ஒரு மாத மழை பத்திரமாக இருக்கும்போது எதற்கு முப்பது ரீட்ரை?

காத்திருக்கும் நேரத்தை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஏன் அதில் தற்செயலைக் கலக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். கரண்ட் வருகிற நொடியை யோசியுங்கள். ஒரு மின் ஃபீடரில் இருக்கிற அத்தனை தோட்டத்துக் கேட்வேக்களும் ஒரே நேரத்தில் பூட் ஆகும், ஒரே புரோகிராம், ஒரே பூட் நேரம், அதனால் ஒரே விநாடியில் சர்வரைத் தட்டும். சர்வர் திணறும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டைம்அவுட், எல்லாரும் சரியாக 2 விநாடி கழித்துச் சேர்ந்து வருவார்கள், பிறகு 4, பிறகு 8. கூட்டம் கலையவே கலையாது. ஆர்எஃப்சி 7252, அதாவது சின்னக் கருவிகளுக்கான கோஆப் புரோட்டோகால், இதற்கு முதல் டைம்அவுட்டையே 2-க்கும் 3-க்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணாக எடுக்கச் சொல்கிறது, பிறகு இரட்டிப்பு, அதிகபட்சம் நாலு மறுஅனுப்பு. ஐபி முகவரி வாங்கித் தருகிற டிஹெச்சிபி 4, 8, 16 என்று போய் ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி முன்னே பின்னே ஆட்டிவிடும். முந்நூறு பெட்டிகள் இருக்கின்றன, சர்வர் விநாடிக்குப் பத்து புது இணைப்பைத்தான் தாங்கும் என்றால் பூட் ஆனதும் முதல் தட்டலை 0-விலிருந்து குறைந்தது 30 விநாடி வரை பரப்ப வேண்டும், நான் 60 வைப்பேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தற்செயல் எண் தருகிற ஃபங்ஷனுக்கு விதையை (தொடக்க எண்ணை) சரியாகப் போடாவிட்டால் எல்லாப் பெட்டியும் ஒரே தற்செயல் எண்ணைத்தான் எடுக்கும், திரும்பவும் ஒன்றாகத்தான் வரும். சீரியல் நம்பரை விதையில் கலந்துவிடுங்கள்.

இரட்டிப்புக்கும் கூரை வேண்டும், இல்லையென்றால் ஒரு ராத்திரி லிங்க் போனதும் அடுத்த முயற்சி மறுநாள் மத்தியானம் என்று ஆகிவிடும். நேரத்தை அளக்கச் சுவர்க் கடிகாரத்தை எடுக்காதீர்கள். பேட்டரி இல்லாத போர்டு 1970-ல் விழித்து, நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரம் (என்டிபி) கிடைத்ததும் ஐம்பது வருஷம் தாவும். தாவியவுடன் எல்லா டைமரும் ஒன்றாக வெடிக்கும். முன்னோக்கி மட்டுமே ஓடுகிற மானோடோனிக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள்.

ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால்

ரீட்ரை வைத்த அன்றே நகலும் வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகை வரவில்லை என்றால் செய்தி போகவில்லை என்று அர்த்தமில்லை, செய்தி போய்ச் சேர்ந்து ஒப்புகை மட்டும் தொலைந்திருக்கலாம். ஒரு தோட்டத்து ரைட்டர் போன் செய்து, "சார், நம்ம கையில அளக்கிற மானியில ஒண்ணேகால் இஞ்சுதானுங்க, இந்த மெஷின் ரெண்டுக்கு மேல காட்டுது, எதை நோட்டுல எழுதறதுங்க?" என்று கேட்டார். வேறு யாரோ செய்து மாட்டிய பெட்டி அது. பிரித்துப் பார்த்தால் சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. சாய்கிற வாளி மழைமானி அது, ஒவ்வொரு சாய்வுக்கும் இவ்வளவு மில்லிமீட்டர் என்று எண்ணும். அந்தப் பெட்டி, போன தடவைக்குப் பிறகு எத்தனை சாய்வு என்பதை அனுப்பியது, சர்வர் வந்ததையெல்லாம் கூட்டியது. மழை கொட்டும்போதுதான் லிங்க்கும் மோசமாக இருக்கும், அப்போதுதான் ஒப்புகை தொலையும், ஆக மழை அதிகமான நேரத்துப் பதிவுகள்தான் குறிப்பாக இரண்டு தடவை கூடியிருந்தன. வெயில் நாளில் எத்தனை டெஸ்ட் செய்தாலும் இது மாட்டாது.

தீர்வு ரீட்ரையைக் குறைப்பதில்லை. வித்தியாசத்தை அனுப்பாமல் மொத்தத்தை அனுப்புங்கள். மாட்டிய நாளிலிருந்து இதுவரை 48,213 சாய்வு என்று அனுப்பினால் அது பத்து தடவை வந்தாலும் 48,213-தான், நடுவில் இரண்டு பதிவு தொலைந்தாலும் அடுத்தது வந்து கணக்கைச் சரிசெய்துவிடும். மின் மீட்டரில் ரீடிங் எடுக்கிற மாதிரிதான். மோட்டார் கட்டளையிலும் நிலையை மாற்று என்று அனுப்பாதீர்கள், ஆன் ஆக இரு என்று அனுப்புங்கள். மாற்று என்பது இரண்டு தடவை போனால் மோட்டார் ஓடி நின்றுவிடும்.

அப்படி எழுத முடியாத செய்திகளுக்கு வரிசை எண் கொடுத்து, வாங்குகிறவர் பார்த்த எண்களை நினைவில் வைத்து நகலை ஒதுக்க வேண்டும். ஒதுக்கினாலும் ஒப்புகையை மறுபடி அனுப்பியே ஆக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது? அனுப்புகிறவர் கடைசியாக மறுபடி அனுப்பக்கூடிய நேரத்தைவிட அதிகம், கூடவே நெட்வொர்க்கில் பாக்கெட் அலையக்கூடிய நேரம். கோஆப் இதை வெளிப்படையாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது: மறுஅனுப்புகள் 45 விநாடிக்குள் முடியும், போக வர அதிகபட்சத் தாமதம் நூறு நூறாக 200, பதில் தயாரிக்க 2, ஆக 247 விநாடி. ரீட்ரை லிமிட்டை ஒருவர் கூட்டிவிட்டு இந்த நினைவு நேரத்தைக் கூட்ட மறந்தால், நகல்கள் வரத் தொடங்கும், காரணம் கண்டுபிடிக்க வாரம் ஆகும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிடுகிற மாதிரி எழுதுங்கள். ஃபிளாஷில் தேங்கி நாலு நாள் கழித்து வருகிற செய்திக்கு ரேமில் நினைவு வைத்து ஆகாது, பெட்டி எண், பூட் எண் (எத்தனையாவது தடவை பூட் ஆனது), வரிசை எண் மூன்றையும் சேர்த்து டேட்டாபேஸில் யூனிக் கீ (ஒரு தடவைக்கு மேல் ஏறாத அடையாளம்) ஆக்கிவிடுங்கள். பூட் எண் எதற்கென்றால், கரண்ட் போய் வந்ததும் வரிசை எண் திரும்ப 1-ல் தொடங்கும், பூட் எண் இல்லாவிட்டால் சர்வர் அதைப் பழைய நகல் என்று எடுத்து எறிந்துவிடும்.

யுடிபி-க்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நடுவில் முகவரியை மாற்றிக் கொடுக்கிற நேட், பதில் வராத யுடிபி வழியைச் சீக்கிரம் மறந்துவிடும், லினக்ஸ் ரவுட்டர்களில் வழக்கமாக 30 விநாடி. உங்கள் காத்திருப்பு அதைத் தாண்டினால் அடுத்த முயற்சி வேறு போர்ட்டில் இருந்து வந்தது போல் சர்வருக்குத் தெரியும். பெட்டியை ஐபி, போர்ட் வைத்து அடையாளம் பார்க்காதீர்கள்.

டிசிபி மேல் எழுதுகிறவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்கக் கூடாது. லினக்ஸில் இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்டைப் பல தடவை திரும்ப அனுப்பிப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் கைவிரிக்கும். இணைந்த பிறகு எதிர்ப்பக்கம் செத்துவிட்டால் இன்னும் கொடுமை, மறுஅனுப்பு லிமிட் 15, எல்லாம் முடிய ஏறக்குறைய கால் மணி நேரம். அதுவரை உங்கள் சென்ட் ஃபங்ஷன் வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கீப்அலைவ் (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று விசாரிப்பது) போட்டாலும் மாற்றாவிட்டால் முதல் விசாரிப்பு இரண்டு மணி நேரம் கழித்துத்தான். இணைக்க ஒரு டைம்அவுட், படிக்க ஒரு டைம்அவுட், முழு வேலைக்கும் ஒரு கெடு என்று மூன்றையும் வையுங்கள். படிக்கும் டைம்அவுட் மட்டும் இருந்தால், விநாடிக்கு ஒரு பைட்டாகச் சொட்டுகிற சர்வர் உங்களை நாள் முழுக்க நிறுத்தி வைக்கும்.

தோட்டத்துக்குள் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டுகிற ரேடியோ) வைத்திருந்தால் கணக்கே வேறு. தூரத்துக்காக எஸ்எஃப் 12 என்கிற மிக மெதுவான வேகத்தில் போட்டால் ஒரு சின்ன பாக்கெட்டே காற்றில் ஒரு விநாடிக்கு மேல் இருக்கும், லோரா மேல் ஓடுகிற லோராவான் புரோட்டோகால் பதில் கேட்கிற ஜன்னலும் அனுப்பி முடித்து 1 விநாடி கழித்து ஒன்று, 2 விநாடியில் இன்னொன்று. 2 விநாடிக்கு முன்னால் டைம்அவுட் வைப்பதில் அர்த்தமே இல்லை. கேட்வே ஒப்புகை அனுப்பும்போது அதற்குக் காது கேட்காது, அதனால் எல்லாப் பதிவுக்கும் ஒப்புகை கேட்டால் மற்ற சென்சார்களின் பாக்கெட் தொலையும். மொத்தமாகப் பத்துக்கு ஒன்று கேளுங்கள்.

ரீட்ரையை எத்தனை இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணுங்கள். சென்சார் மூன்று தடவை முயலும், ஒவ்வொன்றுக்கும் கேட்வே மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் சர்வர் டேட்டாபேஸை மூன்று தடவை. டேட்டாபேஸ் படுத்துக் கிடக்கும்போது ஒரு மழைப் பதிவுக்கு 27 அடி. ஒரு அடுக்கு மட்டும் ரீட்ரை செய்யட்டும், மற்றவை தோல்வியை உடனே மேலே சொல்லட்டும். எல்லாத் தோல்விக்கும் ரீட்ரை கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சாவி தப்பு, பாக்கெட் வடிவம் தப்பு என்று சர்வர் சொன்னால் நூறு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். எனக்கு வேலை அதிகம், 90 விநாடி கழித்து வா என்று சொல்ல உங்கள் புரோட்டோகாலில் ஒரு பதில் வகையை முதல் நாளே வைத்துவிடுங்கள், பெட்டியும் அதை மதிக்கட்டும். நூற்றுக்கணக்கில் பெட்டிகள் மலை மேல் போன பிறகு ஃபர்ம்வேரை மாற்றி இதைச் சேர்ப்பது சாமானிய வேலை இல்லை.

டெஸ்ட் செய்ய மலை ஏற வேண்டியதில்லை. லினக்ஸில் நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டுகிற நெட்எம் இருக்கிறது, 300 மில்லிவிநாடி தாமதம், முன்னே பின்னே 200, இழப்பு 15 சதவீதம் என்று போட்டு ஓடவிடுங்கள். அப்புறம் ஒப்புகைகளை மட்டும் தொலைத்துப் பாருங்கள், போகிற செய்தி எல்லாம் போகட்டும். மேலே சொன்ன மழைக்கணக்குக் கோளாறு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அடுத்து, இழப்பை இருபது நிமிடம் 100 சதவீதம் ஆக்கிவிட்டுத் திறந்துவிடுங்கள், தேங்கியது எப்படி வடிகிறது, சர்வர் தாங்குகிறதா என்று பாருங்கள்.

எண்களையெல்லாம் கான்ஃபிகில் வையுங்கள், கோடுக்குள் புதைக்காதீர்கள். எத்தனையாவது முயற்சியில் ஒப்புகை வந்தது என்பதை, அந்த ஒரு பைட் இருக்கிறதே, அதை வைத்து வாரம் ஒருமுறை எண்ணுங்கள். முதல் முயற்சிக்கான ஒப்புகை, இரண்டாவதை அனுப்பிய பிறகு வந்து சேர்வது அடிக்கடி நடந்தால் டைம்அவுட் சின்னது, கூட்டுங்கள். நாலாவது முயற்சி ஜெயித்ததே இல்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள், பேட்டரியாவது மிஞ்சும்.